நர்சிங் படிக்கும்போதே சங்கத்தில் சேர வேண்டுமா? சேர்ந்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

முதலாம் ஆண்டு மாணவி, மதுரை:
கல்லூரியில் எஸ்.என்.ஏ. (மாணவ நர்சுகள் சங்கம்) உறுப்பினராகப் பணம் கட்டச் சொல்லியிருக்கிறார்கள். அப்பா, "நர்சிங் கவுன்சிலில் பதிவு பண்ணத்தானே போற, இது வேற எதுக்கு?" என்கிறார். சீனியர் அக்கா ஒருவரோ, நர்சஸ் டே கலை நிகழ்ச்சியைத் தவிர அதில் ஒன்றுமில்லை என்கிறார். சேர்ந்தவர்கள் சொல்லுங்கள்.

ஸ்டாஃப் நர்ஸ், திருநெல்வேலி:
அப்பாவின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன் தங்கச்சி. கவுன்சில் வேறு, சங்கம் வேறு. மாநில கவுன்சில் 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்தது. அங்கே பதிவு இல்லாமல் நர்சாக வேலை பார்க்க முடியாது. ஆனால் நம் சம்பளம், டியூட்டி நேரம் எல்லாம் அதன் வேலை இல்லை. அதையெல்லாம் பேசுவதற்கு 1908இல் தொடங்கிய டி.என்.ஏ.ஐ. (இந்தியப் பயிற்சி பெற்ற நர்சுகள் சங்கம்) இருக்கிறது. அதன் மாணவர் பிரிவாக 1929இல் வந்ததுதான் எஸ்.என்.ஏ.

இனி என் கதை. மூன்றாம் ஆண்டில் போஸ்டர் போட்டிக்காக மாநில மாநாட்டுக்குப் போனேன். தாய்ப்பால் பற்றிய போஸ்டர். சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தபோது, ஓய்வுபெற்ற நர்சிங் சூப்பரின்டென்டென்ட் மேடம் ஒருவர் வந்து நின்று பார்த்தார். "படம் நல்லாருக்கு. வேலைக்குச் சேர்ற அன்னிக்கு ஆஸ்பத்திரியில என்ன கேப்பாங்க, தெரியுமா?" என்றார். நான் முழித்தேன். "ஒரிஜினல் சர்டிபிகேட் கேப்பாங்க. காட்டு, சரிபார்த்ததும் கையோட திருப்பி வாங்கிக்கோ. ஜெராக்ஸ் மட்டும்தான் அவங்ககிட்ட இருக்கணும்." சொல்லிவிட்டு, ஒரு துண்டுச்சீட்டில் தன் போன் நம்பரை எழுதிக் கொடுத்தார்.

படிப்பு முடிந்து நானும் என் தோழியும் ஒரே தனியார் மருத்துவமனையில் சேர்ந்தோம். அவர் சொன்னபடியே கேட்டார்கள். நான் காட்டிவிட்டு வாங்கிக்கொண்டேன். தோழி கொடுத்துவிட்டாள். பிறகு அவளுக்கு அரசு வேலைக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு வந்தபோது, இத்தனை நாள் வேலை பார்ப்பேன் என்று எழுதிக் கொடுத்த பாண்ட் காலம் முடியவில்லை, பணம் கட்டினால்தான் தருவோம் என்றார்கள். அவள் வீட்டில் அவ்வளவு பணம் இல்லை. அந்த மேடத்துக்குத்தான் போன் செய்தோம். சங்கத்தின் மாவட்டப் பொறுப்பாளர் ஒருவரை அழைத்துக்கொண்டு நேரில் வந்து நிர்வாகத்திடம் பேசினார். குரலை உயர்த்தவே இல்லை. எழுத்தில் ஒரு கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துக் கேட்டார். கடைசியில் சான்றிதழ்கள் திரும்பி வந்தன. நாங்கள் மட்டும் போயிருந்தால் ரிசப்ஷனைத் தாண்டியிருக்க முடியாது. அந்த நம்பர் எனக்குக் கிடைத்தது எஸ்.என்.ஏ.வால்தான்.

இன்னொன்று. தனியார் மருத்துவமனை நர்சுகளின் சம்பளத்துக்காக டி.என்.ஏ.ஐ. உச்ச நீதிமன்றம் வரை போனது. 2016 ஜனவரியில் வந்த தீர்ப்பின்படி மத்திய அரசு ஒரு நிபுணர் குழு அமைத்தது. 200 படுக்கைக்கு மேல் உள்ள மருத்துவமனை, மாநில அரசு நர்சுக்கு இணையாகச் சம்பளம் தர வேண்டும், 50 படுக்கைக்குக் கீழ் உள்ள சிறிய இடம்கூட 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்பது அந்தக் குழுவின் பரிந்துரை. பல இடங்களில் இது இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது என்பது எனக்கும் ஆறாத வருத்தம். ஆனாலும் இன்டர்வியூவில் உட்காரும்போது இந்த எண் தெரிந்து உட்காருவதும் தெரியாமல் உட்காருவதும் ஒன்றில்லை. எங்கள் பாடப்புத்தகத்தில் இதை யாரும் சொல்லித் தரவில்லை.

நான்காம் ஆண்டு மாணவர், சேலம்:
எனக்கு நல்ல அனுபவம் இல்லை. கல்லூரிக் கட்டணத்தோடு சேர்த்துப் பிடித்தார்கள். ரசீதும் வரவில்லை, உறுப்பினர் எண்ணும் வரவில்லை. கேட்டால் "வரும், வரும்" என்கிறார்கள். பையன்கள் ஏழு பேர்தான் என்பதால் எங்களை நிகழ்ச்சிக்கு நாற்காலி தூக்கத்தான் கூப்பிடுவார்கள். சேருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பணம் கட்டிய அன்றே ரசீது கேளுங்கள்.

திருநெல்வேலி ஸ்டாஃப் நர்ஸ்:
தம்பி சொல்வது நடக்கிற விஷயம்தான். உங்கள் யூனிட்டுக்கு ஆலோசகராக ஒரு டியூட்டர் இருப்பார், அவரிடம் எழுத்தில் கேளுங்கள். நாற்காலி விஷயத்துக்கு ஒரே வழி, அடுத்த தேர்தலில் செயலாளர் பதவிக்கு நீங்களே நிற்பதுதான். ஏழு ஓட்டு கையில் இருக்கிறது, மீதியைக் கேட்டு வாங்குங்கள்.

அரசு நர்ஸ், விழுப்புரம்:
நான் 2015இல் எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) மூலம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்தவள். 2017 நவம்பரில் பணி நிரந்தரம் கேட்டு, சென்னையில் மருத்துவத் துறை அலுவலகங்கள் உள்ள டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்தோமே, அந்தக் கூட்டத்தில் இருந்தேன். அங்கே ஒன்று கவனித்தேன். யார் மாவட்டவாரியாகப் பெயர் எழுதினார்கள், யார் மைக் பிடித்துப் பதறாமல் பேசினார்கள், யார் வசூலுக்குக் கணக்கு வைத்தார்கள் என்று பார்த்தால், பெரும்பாலும் படிக்கும்போது எஸ்.என்.ஏ.வில் செயலாளர், பொருளாளர் என்று இருந்தவர்கள்தான். கலை நிகழ்ச்சி நடத்தியே பழகியவர்களாக இருக்கட்டும், ஐந்நூறு பேரை வரிசையில் நிறுத்திச் சாப்பாடு போட அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். டி.என்.ஏ.ஐ. தொழிற்சங்கம் இல்லை. வேலைநிறுத்தம் வரை போகிற பிரச்சினைக்குத் தனிச் சங்கம் வேண்டும். அரசு வேலைக்கு வந்த பிறகு அதிலும் சேருங்கள்.

நர்ஸ், லண்டன் (ஊர் தஞ்சாவூர்):
இங்கே ஆர்.சி.என். (ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங்) என்ற ஒரே அமைப்பே தொழில்முறைச் சங்கமும் தொழிற்சங்கமும். மாணவர்களையும் சேர்த்துக்கொள்வார்கள். 2022 டிசம்பர் 15, 20 தேதிகளில் நடந்த வேலைநிறுத்தத்தில் நானும் வாசலில் நின்றேன். என் வார்டில் போஸ்டிங்கில் இருந்த மாணவி ஒருத்தி, மருந்து கொடுப்பதில் நடந்த ஒரு தவறுக்குத் தன்மேல் பழி வந்தபோது, விளக்கக் கடிதம் எழுதும் முன்பே ஆர்.சி.என்.னுக்குப் போன் செய்து ஆலோசனை கேட்டாள். பத்தொன்பது வயதுப் பெண். அந்த வயதில் நான் அழுதுகொண்டு ஹாஸ்டலுக்குத்தான் போயிருப்பேன். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் இப்படிப் போன் செய்ய ஓர் இடம் வேண்டும் என்று அன்றைக்கு மிகவும் ஆசைப்பட்டேன்.

ஐ.சி.யூ. நர்ஸ், கோவை:
ரயில் டிக்கெட் சலுகைக்காகச் சேரச் சொல்லி யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2020 மார்ச்சில் கொரோனா நேரத்தில் நிறுத்திய சலுகைகளில் நர்சுகளுக்கான 25 சதவீதமும் போய்விட்டது.

முதலாம் ஆண்டு மாணவி, மதுரை:
எல்லோருக்கும் நன்றி அக்கா, அண்ணா. அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். கட்டச் சொல்லிவிட்டார், ரசீதை மட்டும் அவருக்கு அனுப்ப வேண்டுமாம். ஒரு சந்தேகம்: படிப்பு முடிந்ததும் இந்த உறுப்பினர் எண் செல்லுமா?

திருநெல்வேலி ஸ்டாஃப் நர்ஸ்:
அப்படியே செல்லாது. டி.என்.ஏ.ஐ. உறுப்பினராக மாற்றிக்கொள்ள வேண்டும். எஸ்.என்.ஏ.வில் இருந்தவர்கள் முடித்த கையோடு விண்ணப்பித்தால் கட்டணத்தில் சலுகை உண்டு, தள்ளிப்போட்டால் கிடையாது. கவுன்சில் பதிவுக்கு அலையும்போதே இதையும் சேர்த்து முடித்துவிடுங்கள்.