நாக்டர்னுக்கு ‘யாமப்பாட்டு’ சரிவருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

‘நாக்டர்ன்’ என்பது இரவின் மனநிலையைக் காட்டும் மேற்கத்திய இசை உருப்படி, பெரும்பாலும் பியானோவுக்கானது. அதற்குத் தமிழில் ‘இராப்பண்’ என்று பெயரிடலாம் என்ற பரிந்துரையைப் படித்ததும் மகிழ்ந்தேன். ஆனால் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. தேவாரப் பண்களைப் பகற்பண், இராப்பண், பொதுப்பண் என்று வேளை பார்த்துப் பிரித்திருக்கிறார்கள். பண் என்றதும் ராகம்தான் நினைவுக்கு வரும். நாக்டர்ன் ராகம் அல்ல, ஒரு தனி உருப்படி. இரண்டையும் ஒரே பெயரில் அழைத்தால் பண்ணாராய்ச்சிக் கட்டுரைகளில் குழப்பம் வரும்.

‘அமைதியிசை’, ‘கனவிசை’ என்று மனநிலையை வைத்துப் பெயரிடுவதும் எனக்கு உடன்பாடில்லை. பியானோ உருப்படிக்கு நாக்டர்ன் என்ற பெயரை முதலில் வைத்தவர் அயர்லாந்துக்காரரான ஜான் ஃபீல்ட். அவருடைய இசைக்கு ‘அமைதி’ ஓரளவு பொருந்தலாம். போலந்து இசையமைப்பாளர் ஷோப்பானிடம் வந்தால் பொருந்தாது. சி மைனர் (சோகச் சாயல் கொண்ட சுர அமைப்பு) என்பதில் உள்ள அவருடைய நாக்டர்ன், ஓபஸ் (படைப்பு வரிசை எண்) 48, எண் 1-ஐக் கேட்டுப்பாருங்கள். துக்க ஊர்வலம் போலத் தளர்ந்த நடையில் தொடங்குகிறது. நடுவில் மேஜர் என்ற தெளிந்த சாயலுள்ள சுர அமைப்புக்கு மாறி, தேவாலயத்துக் கூட்டுப்பாடல் போலக் கனக்கிறது. அதற்குள் இரு கைகளிலும் எட்டாம் சுரப் (ஆக்டேவ்) பாய்ச்சல்கள் புகுந்து கலைக்கின்றன. முதல் மெட்டு திரும்பி வரும்போது நடை இரு மடங்கு வேகம், ஒரே பதற்றம். இதை ‘அமைதியிசை’ என்று எப்படி எழுதுவது?

அதனால் பொழுதையே பெயராக வைக்கலாம் என்கிறேன். அதிலும் ‘இரவு’ வேண்டாம், ‘யாமம்’ வேண்டும். இரவு என்பது வெறும் நேரம். யாமமோ குறிஞ்சித் திணையின் சிறுபொழுது. குறுந்தொகை படித்தவர்களுக்கு ஊர் உறங்கத் தலைவி மட்டும் விழித்திருக்கும் வேளை அது. காத்திருப்பும் அச்சமும் ஏக்கமும் அந்தச் சொல்லிலேயே இருக்கின்றன. ஓபஸ் 48-இன் துக்கத்துக்கும் பதற்றத்துக்கும் அதில் இடமுண்டு.

மோட்சார்ட் 1776-இல் எழுதிய செரினாட்டா நொட்டுர்னா, பெயரில் இரவு இருந்தாலும், வேறு வகை. அது மாலைக் கேளிக்கைக்கான இசை, அதற்கு ‘இரவிசை’ போதும்.

அப்புறம், பின்னொட்டு. ‘யாமவிசை’ என்று புணர்த்தினால் பௌதிகத்தின் ‘விசை’ குறுக்கே வந்துவிடும். ‘யாமப்பாட்டு’ என்றால் சொல்லவும் எளிது. சொற்களே இல்லாததைப் பாட்டு என்னலாமா என்று முந்தைய மடலில் ஒருவர் கேட்டிருந்தார். வீணையில் பாட்டு வாசித்தார் என்று நாம் சொல்கிறோமே! தவிர, இந்த வடிவத்தின் உயிரே பாடுவதில்தான் இருக்கிறது. இடக்கை சுரக்கூட்டுகளை (கார்டுகளை) பிரித்து அலையலையாக விரிக்க, மிதிகட்டை (பெடல்) அந்த ஒலியை நீட்டிப் பிடிக்க, அதன்மேல் வலக்கை இத்தாலிய ஓப்பராப் பாடகியைப் போல மூச்சு விட்டுப் பாடுகிறது.

பிரெஞ்சு இசையமைப்பாளர் தெபுஸ்ஸி இசைக்குழுவுக்கு எழுதிய மூன்று நாக்டர்ன்களுக்கும் இதே பெயரை வைக்கலாம். மூன்றாவதில் பெண்களின் குழு சொற்கள் இல்லாமலேயே பாடுகிறது. அகராதியில் ‘யாமப்பாட்டு’ என்று தலைச்சொல் இட்டு, பக்கத்தில் ‘நாக்டர்ன்’ என்று ஒருமுறை தந்துவிடலாம்.

அன்புடன்.