ரீடர்ஸ் டைஜஸ்ட் வாலஸ்: விளம்பரம் இல்லாமல் பணம் எப்படி வந்தது? அந்தப் பணம் எங்கே போனது?

நாலணா:
டிவிட் வாலஸ் பற்றி எங்கே படித்தாலும் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள். வேலை போயிற்று, மனைவி லைலாவோடு 1922ல் ரீடர்ஸ் டைஜஸ்டை (மற்ற பத்திரிகைகளின் கட்டுரைகளைச் சுருக்கிப் போடும் மாத இதழ்) தொடங்கினார், கோடீஸ்வரரானார், பிள்ளை இல்லாததால் எல்லாவற்றையும் தானம் செய்தார். நடுவில் கணக்கே வருவதில்லை. அமெரிக்கப் பதிப்பில் 1955 வரை விளம்பரம் கிடையாது என்றால் அச்சுக்கூலி யார் கொடுத்தது? மற்ற பத்திரிகைகள் தங்கள் கட்டுரையைச் சுருக்கிப் போட ஏன் விட்டன? பங்குகள் அறநிதிகளுக்குப் போன கம்பெனி 2009ல் திவால் மனு போட்டதே, அறநிதிகள் எப்படித் தப்பின? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சந்தாதாரர்:
அச்சுக்கூலியைக் கொடுத்தது வாசகர்தான், அதுவும் முன்கூட்டியே. 1920ல் வாலஸ் மாதிரி இதழ் ஒன்றை அச்சடித்துப் பதிப்பகங்களுக்குக் காட்டினார். யாரும் தொடவில்லை. பிட்ஸ்பர்க்கில் வெஸ்டிங்ஹவுஸ் வேலையும் போனபின், இதழை அச்சடிக்காமலே ஆயிரக்கணக்கில் கடிதம் அனுப்பினார்: வருடச் சந்தா 3 டாலர், பிடிக்கவில்லை என்றால் பணம் வாபஸ். 1921 அக்டோபரில் கல்யாணம் முடிந்து, வெளியூர் போய்த் திரும்பியபோது சுமார் 1,500 பேர் பணம் கட்டியிருந்தார்கள். ஏறக்குறைய 4,500 டாலர். முதல் இதழை (பிப்ரவரி 1922) 5,000 பிரதி அடித்தது இந்தக் கையிருப்பை வைத்துத்தான்.

இது குருட்டு யோசனை அல்ல. செயின்ட் பாலில் விவசாயப் பதிப்பகம் ஒன்றில் இருந்தவர் அவர். 1916ல் அரசாங்கத்தின் இலவச விவசாய வெளியீடுகளில் எது எதற்குப் பயன்படும் என்று ஒரு சிறு புத்தகம் போட்டு, வங்கிகளுக்கும் விதைக் கடைகளுக்கும் மொத்தமாக விற்றார். எந்தப் பட்டியலுக்கு எந்தக் கடிதம் எடுபடும் என்பது அப்போதே கைவந்துவிட்டது.

செலவையும் பாருங்கள். நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜ் பகுதியில் தரைக்கு அடியில் இருந்த ஓர் அறைதான் முதல் அலுவலகம். எழுத்தாளர் சம்பளம் இல்லை, விளம்பரத் துறை இல்லை. வாலஸ் நூலகத்தில் உட்கார்ந்து பத்திரிகைகளைப் புரட்டிக் கையாலேயே சுருக்கி எழுதிக்கொண்டார், ஏனென்றால் அத்தனையையும் காசு கொடுத்து வாங்க வசதி இல்லை. ஆனால் ஒரு சங்கதி: சந்தாப் பணம் லாபம் அல்ல, கடன். பன்னிரண்டு இதழ் கொடுத்துத் தீர்க்க வேண்டும். முதல் மாதமே முழுப் பணத்தையும் செலவழித்துவிட்டு எட்டாவது இதழுக்குக் காகிதம் வாங்க முடியாமல் படுத்த சிறுபத்திரிகைகள் எந்த மொழியிலும் உண்டு. வாலஸ் தப்பியது புதுப்பித்தலால். பழைய சந்தாதாரர் தொடர்ந்து கட்டினார், புதியவர் சேர்ந்துகொண்டே இருந்தார்.

பென்சில்முனை:
கட்டுரை விஷயத்துக்கு வருகிறேன். ஆரம்பத்தில் பல பத்திரிகைகள் சும்மாவே அனுமதி தந்தன. தங்கள் பெயர் நாலு பேருக்குத் தெரியும், இந்தக் குட்டி இதழால் என்ன நஷ்டம் என்ற நினைப்பு. அந்த நினைப்பு கலையாமல் இருக்கத்தான் வாலஸ் விற்பனை எண்ணிக்கையை வெளியே விடாமல் காத்தார். 1936ல் ஃபார்ச்சூன் பத்திரிகை 18 லட்சம் பிரதி என்று போட்டு உடைத்தது. அதற்குள் அவர் பெரிய பத்திரிகைகளோடு பணம் கொடுத்து ஒப்பந்தம் போட ஆரம்பித்திருந்தார்.

சுருக்குவது என்றால் தன் வார்த்தையில் திருப்பி எழுதுவது அல்ல. மூல ஆசிரியரின் வாக்கியத்தை வைத்துக்கொண்டே வெட்டுவது. முன்னுரை முதலில் போகும், பிறகு ஒரே கருத்துக்கு வரும் இரண்டாவது உதாரணம், பிறகு அடைமொழிகள். ஒருவர் வெட்டியதை அடுத்தவர் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். இங்கே தவறு நடப்பது பெரும்பாலும் ‘ஆனால்’, ‘சில சமயம்’ போன்ற சொற்களை வெட்டும்போதுதான். எழுதியவர் தயங்கிச் சொன்னது அடித்துச் சொன்னதாக மாறிவிடும். தேர்வுக்கு வாலஸ் பார்த்தவை மூன்று: வாசகர் வாழ்க்கைக்குப் பொருந்துமா, ஒரு வருடம் கழித்தும் படிக்கலாமா, ஆக்கபூர்வமானதா. நம்மூரில் 1947ல் கலைமகள் நிறுவனம் தொடங்கிய மஞ்சரியும் இந்த வகை இதழ்தான்.

பலர் மழுப்பும் பகுதி ஒன்று உண்டு. 1930களில் போதுமான சரக்கு கிடைக்காமல், டைஜஸ்டே பணம் கொடுத்துக் கட்டுரை எழுதவைத்து, வேறு பத்திரிகையில் இலவசமாக வரச்செய்து, அங்கிருந்து ‘சுருக்கியதாக’ எடுத்துக்கொள்ளத் தொடங்கியது. மற்றவர்களின் உள்ளடக்கத்தை இவர்களே தீர்மானிக்கிறார்கள் என்று குற்றம் சாட்டி 1944ல் நியூயார்க்கர் பத்திரிகை ஒப்பந்தத்தை முறித்தது. என்னைக் கேட்டால் நியாயமான கோபம்தான்.

நாலணா:
அருமை, இருவருக்கும் நன்றி. விளம்பரம் வாங்கிய பிறகு கை கட்டப்படவில்லையா? சிகரெட் பற்றிக் கடுமையாக எழுதியவர்கள் ஆயிற்றே?

பென்சில்முனை:
1950களில் செலவு ஏறியபோது, விலையை 25 சென்ட்டிலிருந்து ஏற்றவா, விளம்பரம் வாங்கவா என்று வாசகரிடமே கேட்டார்கள். பெரும்பான்மை விளம்பரத்துக்கு ஓட்டுப் போட்டது. சிகரெட், மது விளம்பரம் வேண்டாம் என்று வைத்துக்கொண்டார்கள். மது மட்டும் 1979ல் உள்ளே வந்தது. நெருக்கடி வேறு வழியில் வந்தது: 1957ல் ஃபில்டர் சிகரெட் பற்றி எழுதியதும், டைஜஸ்டுக்கு விளம்பரம் செய்துகொடுத்த பிபிடிஓ ஏஜென்சி டைஜஸ்டின் வேலையையே கைவிட்டது, அதே ஏஜென்சிக்கு ஒரு சிகரெட் கம்பெனி பெரிய வாடிக்கையாளர் என்பதால். (அயல்நாட்டுப் பதிப்புகளில் விளம்பரமே வேண்டாம் என்ற பழைய விரதம் கிடையாது. 1940ல் வந்த ஸ்பானியப் பதிப்பு முதலிலிருந்தே விளம்பரம் வாங்கியது.)

பங்குச்சீட்டு:
மூன்றாவது கேள்விக்கு. டிவிட் 1981ல் காலமானார், லைலா 1984ல். உரிமை முழுக்க இருவர் கையில்தான் இருந்தது. வெளிப் பங்குதாரர் இல்லை. அமெரிக்காவின் 1969 வரிச் சட்டப்படி தனியார் அறக்கட்டளை ஒரு கம்பெனியின் வாக்குரிமைப் பங்கில் பொதுவாக 20 சதவீதத்துக்கு மேல் வைக்கக் கூடாது. அதனால் பெரும் பங்குகள் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், லிங்கன் சென்டர் கலை அரங்கம், மெக்கலெஸ்டர் கல்லூரி போன்றவற்றுக்கான துணை அமைப்புகளின் பெயரில் வைக்கப்பட்டன. பணம் அருங்காட்சியகத்துக்குத்தான், ஆனால் பங்கை விற்கும் முடிவு அதன் கையில் இல்லை.

1990ல் பங்கு 20 டாலருக்குச் சந்தைக்கு வந்தது. வெளியாருக்குக் கொடுத்தது வாக்குரிமை இல்லாத பங்கு. முதலில் நன்றாக ஏறியது. சிக்கல் என்னவென்றால் கம்பெனியின் லாபம் பத்திரிகையிலிருந்து அதிகம் வரவில்லை. 1950ல் தொடங்கிய சுருக்கப் புத்தகங்கள், இசைத்தட்டுத் தொகுப்புகள் எல்லாம் தபாலில் விற்றவை. அவற்றை இழுத்தது 1962 முதல் நடந்த பரிசுப் போட்டிக் கடிதங்கள். அந்தக் கடிதங்கள் முதியவர்களை ஏமாற்றுகின்றன என்ற புகார் வலுத்து, 2001ல் 32 மாநிலங்களோடு சமரசம் செய்ய வேண்டி வந்தது. அதற்கு முன்பே தபாலுக்குப் பதில் வருவது குறைந்து, 1990களின் பின்பாதியில் பங்கு சரிந்து, டிவிடெண்டும் வெட்டப்பட்டது. ஒரே கூடையில் இருந்ததால் அத்தனை நிறுவனங்களும் சேர்ந்து அடி வாங்கின. 2001ல் துணை அமைப்புகளைக் கலைத்துச் சொத்தை அந்தந்த நிறுவனங்களிடமே ஒப்படைத்தார்கள். 2002ல் வாலஸ் நிதிகள் (டிவிட், லைலா பெயர்களில் இருந்த இரண்டு அறநிதிகள்) வாக்குக் கட்டுப்பாட்டையும் விட்டுக்கொடுத்தன. 2003ல் இரண்டு நிதிகளும் வாலஸ் அறக்கட்டளையாக இணைந்தன. 2007ல் ரிப்பிள்வுட் முதலீட்டு நிறுவனம் கடன் சுமையோடு டைஜஸ்டை வாங்கியது. 2009 திவால் அந்தக் கடனின் விளைவு. அறக்கட்டளை அதற்குள் வெளியே வந்துவிட்டது.

கல்லூரிச்சாலை:
மெக்கலெஸ்டர் பற்றி ஒரு சேர்க்கை. டிவிட்டின் அப்பா ஜேம்ஸ் வாலஸ் அங்கே தலைவராக இருந்தவர். டிவிட் வருடாவருடம் பெரும் தொகை கொடுப்பார், கல்லூரி அதை நம்பியே பட்ஜெட் போடும். 1970ஐ ஒட்டிக் கல்லூரியின் போக்கு பிடிக்காமல் அவர் கையை மடக்கிக்கொண்டதும் பற்றாக்குறை திடீரென்று வாசலில் நின்றது. பிறகு சமாதானமாகிப் பங்குகளே கொடுத்தார்.

லைலாவின் முறை வேறு. மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் பெரிய கூடத்தில் வாரா வாரம் மாறும் மலர் அலங்காரத்துக்கு 1967ல் தனி வைப்புநிதி வைத்தார். போட்ட முதல் தொகை அப்படியே இருக்கும், வருமானம் அந்த ஒரு செலவுக்கு மட்டும். நன்கொடை வாங்கும் சங்கங்கள் ஆண்டு உதவியையும் வைப்புநிதியையும் பட்ஜெட்டில் ஒரே வரியில் எழுதக் கூடாது. ஆண்டு உதவியை அந்த வருடத்தோடு முடியும் வேலைக்கு வைத்துக்கொண்டு, சம்பளம் போன்ற நிரந்தரச் செலவை வைப்புநிதி வருமானத்துக்குள் அடக்க வேண்டும்.