1900 பிப்ரவரி 29 என்ன கிழமை?

மூன்றாம்பெஞ்சு:
எதற்கும் உதவாத திறமைகளைப் பற்றி நேற்று சிரிப்பும் கேலியுமாகப் பேசிக்கொண்டிருந்தோம். நடுவில் கிழமைக்காரர் வந்து ஒரு பிரகடனம் செய்தார்: “எந்தத் தேதியைச் சொன்னாலும் மூன்று விநாடியில் கிழமை சொல்வேன். இது கற்று வருவதல்ல. லட்சத்தில் ஒருவருக்கு வாய்ப்பது.” சான்றாகப் பத்துத் தேதிகளும் போட்டிருந்தார். 1947 ஆகஸ்ட் 15 வெள்ளி, சரி. 1950 ஜனவரி 26 வியாழன், சரி. 2004 டிசம்பர் 26 ஞாயிறு, அந்தக் காலையை யார் மறப்பார்கள்? ஏழாவதாக, 1900 பிப்ரவரி 29, புதன். ஐயா, அப்படி ஒரு நாள் விடியவே இல்லை. 1900 லீப் ஆண்டு அல்ல. இல்லாத நாளுக்குக் கிழமை சொல்வதுதான் லட்சத்தில் ஒருவருக்கு வாய்க்கும் வரமா?

கிழமைக்காரர்:
மற்ற ஒன்பதும் சரி என்று ஒப்புக்கொண்டதற்கு நன்றி. வாழை இலையில் இருபது பதார்த்தம் வைத்தாலும் சிலர் கண்ணுக்கு ஊறுகாய் மட்டும்தான் தெரியும்.

மூன்றாம்பெஞ்சு:
மூன்றைத்தான் சரி என்றேன். ஒன்பது என்று நான் எங்கே சொன்னேன்? எண்ணிக்கையே தகராறு என்றால் கிழமை எப்படி?

நாணயப்பை:
இந்தச் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். என் திறமையையும் எழுதிக்கொள்ளுங்கள். முப்பது ஆண்டுகளாக மளிகைக் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு ரூபாய் நாணயத்தைக் கட்டைவிரலால் தடவி, எந்த ஊரில் அடித்தது என்று சொல்வேன். ஆண்டு எண்ணுக்குக் கீழே புள்ளி இருந்தால் நொய்டா, நட்சத்திரம் ஹைதராபாத், வைர வடிவம் மும்பை. ஒன்றும் இல்லாவிட்டால் கொல்கத்தா. இதனால் ஒரு பைசா லாபம் கண்டதில்லை.

தண்டவாளம்:
தேய்ந்த நாணயத்தில் நொய்டாப் புள்ளி இருக்கிறதா, கொல்கத்தா வெறுமையா என்று விரல் எப்படிச் சொல்லும்? கண்ணால் பார்த்துவிட்டு விரலால் சொல்வதாகக் கதை விடுகிறீர்கள் அண்ணாச்சி.

நாணயப்பை:
வெளியே ஒரு கல் தொலைவில் ஓடும் ரயிலின் எஞ்சின் ரகத்தைப் படுக்கையில் படுத்தபடி சொல்வேன் என்று போன மாதம் எழுதியவர் நீங்கள்தானே? அதை நாங்கள் கேட்டுக்கொண்டோமா இல்லையா?

தண்டவாளம்:
ஆல்கோ டீசல் எஞ்சின் மூச்சு வாங்குவதைப் போல விட்டுவிட்டுத் துடிக்கும். மின்சார எஞ்சின் அப்படித் துடிக்காது. காது உள்ள யாருக்கும் தெரியும். உங்கள் விரல் அப்படியா?

தாள்கட்டு:
பேச்சு திசை மாறுகிறது. நூறால் வகுபடும் ஆண்டு 400ஆலும் வகுபட்டால்தான் லீப் ஆண்டு. 2000 லீப், 1900 இல்லை. மொரார்ஜி தேசாய் 1896 பிப்ரவரி 29, சனிக்கிழமை பிறந்தவர். நாலாவது வயதில் வரவேண்டிய பிறந்தநாள் அவருக்கு வரவில்லை, எட்டு வயதில்தான் வந்தது. 1904இல் அதே தேதியில், திங்கட்கிழமை, மதுரையில் ருக்மிணி தேவி பிறந்தார். இடையில் 1900இல் அந்தத் தேதியே கிடையாது. கிழமைக்காரர் ஒரு வரியில் “தவறிவிட்டது” என்று எழுதினால் முடிந்துபோகும்.

கிழமைக்காரர்:
தவறவில்லை. உங்களில் யாராவது கணினி வைத்திருந்தால் எக்செல்லைத் திறந்து, ஒரு கட்டத்தில் 60 என்று அடித்து, அதைத் தேதியாக மாற்றிப் பாருங்கள். 1900 பிப்ரவரி 29 என்று வரும். கிழமை கேட்டால் புதன் என்று சொல்லும். உலகத்து அலுவலகமெல்லாம் நம்பும் மென்பொருளை மூன்றாம் பெஞ்சிலிருந்து திருத்த வந்துவிட்டார்கள்.

தாள்கட்டு:
அது எக்செல்லின் பிழை. லோட்டஸ் 1-2-3 என்ற பழைய மென்பொருள் 1900ஐ லீப் ஆண்டாக எடுத்துக்கொண்டிருந்தது. அதன் கோப்புகளோடு ஒத்துப்போவதற்காக எக்செல்லும் தெரிந்தே அதை வைத்துக்கொண்டது. அது இருக்கட்டும். நீங்கள் மனக்கணக்காகச் சொன்னீர்களா, எக்செல்லைப் பார்த்துச் சொன்னீர்களா?

மூன்றாம்பெஞ்சு:
அப்படிக் கேளுங்கள்! மூன்று விநாடி என்பது எக்செல் திறக்கும் நேரம்தானே?

கிழமைக்காரர்:
இந்த இடத்தில் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒன்பது வயதில் எனக்கு அம்மை போட்டிருந்தது. மூன்று வாரம் பின்கட்டு அறையில் தனியாகக் கிடந்தேன். என் தாத்தா நாள்தோறும் கிழித்த காலண்டர் தாள்களைத் தூக்கி எறிய மாட்டார். கம்பியில் குத்தி உத்தரத்தில் தொங்கவிடுவார். பதினான்கு ஆண்டுத் தாள்கள், வேப்பிலை வாசனையோடு, தலைக்கு மேலே. படிக்க வேறொன்றும் இல்லை. எனவே அவற்றைப் படித்தேன். ஒரே தேதி அடுத்த ஆண்டு ஒரு கிழமை தள்ளிப் போகிறது, நடுவில் பிப்ரவரி 29 வந்தால் இரண்டு தள்ளிப் போகிறது என்று யாரும் சொல்லாமல் நானே கண்டுகொண்டேன். அம்மைத் தண்ணீர் ஊற்றும் நாளுக்குள் தாத்தாவின் கல்யாணக் கிழமையைச் சொல்லிவிட்டேன். அவர் அழுதுவிட்டார். இதை எக்செல் செய்யுமா? கணினி என்ற சொல்லையே நான் கேள்விப்படாத காலம் அது. என்னைப் பார்த்து எக்செல் திறந்தாயா என்று கேட்கிறீர்கள்.

கற்பூரவல்லி:
அம்மைக் கதை நன்றாக இருந்தது, உண்மையாகவே. ஆனால் “கற்று வருவதல்ல” என்பதுதான் இடிக்கிறது. கான்வே என்ற கணித அறிஞர் 1973இல் ஒரு சுலப வழி அமைத்தார். ஏப்ரல் 4, ஜூன் 6, ஆகஸ்ட் 8, அக்டோபர் 10, டிசம்பர் 12 ஆகிய ஐந்தும் எந்த ஆண்டிலும் ஒரே கிழமையில்தான் வரும். அந்த ஆண்டுக்குரிய கிழமை தெரிந்தால் மற்றதை அங்கிருந்து எண்ணிவிடலாம். என் மகள் ஏழாம் வகுப்பு. ஒரு மழை நாளில் பஜ்ஜி பொரிந்து முடிவதற்குள் கற்றுக்கொண்டாள்.

கிழமைக்காரர்:
குழந்தைக்கு என் ஆசிகள். பஜ்ஜிக்கும்.

மூன்றாம்பெஞ்சு:
பேச்சை மாற்றாதீர்கள். சரி, மனக்கணக்காகவே சொல்லுங்கள். 1900 பிப்ரவரி 28 என்ன கிழமை?

கிழமைக்காரர்:
புதன். இரண்டு விநாடி.

மூன்றாம்பெஞ்சு:
28ம் புதன், 29ம் புதன்! பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்கள். இவருக்கு அடுத்தடுத்து இரண்டு கிடைத்திருக்கிறது.

கிழமைக்காரர்:
சிரித்து முடித்துவிட்டீர்களா? 1900 மார்ச் 1 வியாழன். யாரும் மறுக்க முடியாது. அதற்கு முந்தைய நாள் புதன். நான் மார்ச்சிலிருந்து பின்னோக்கி வந்தேன். ஆகவே கிழமை சரி. எண்தான் ஒன்று பிசகியிருக்கிறது. நான் கிழமைக்காரன், எண்காரன் அல்ல.

தாள்கட்டு:
தேதியே தப்பு என்றால் கிழமை சரியாக இருந்து என்ன பயன்?

கிழமைக்காரர்:
பயன் இல்லாத திறமை என்பதுதானே தலைப்பு.

கோட்டாறுவாசி:
‘பயன்’ என்று எதைச் சொல்கிறீர்கள் என்று முதலில் வரையறுங்கள். எங்கள் ஊர் செய்குத்தம்பி பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்தார், நூறு வேலைகளில் ஒரே நேரத்தில் கவனம். ஒருபுறம் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார்கள், இன்னொருபுறம் முதுகில் விழும் கல்லை எண்ண வேண்டும். முதுகில் கல் எண்ணி யாருக்கு என்ன லாபம்? ஆனாலும் ஊர் கொண்டாடியது. 2008இல் அஞ்சல்தலையும் வெளியிட்டார்கள். தெலுங்கு அவதானத்தில் தேதி சொன்னால் கிழமை சொல்வதே ஓர் அங்கம், வாரகணனம் என்று பெயர். ஆக, இது மரியாதைக்குரிய கலைதான்.

கிழமைக்காரர்:
கேட்டீர்களா! வாரகணனம். மூன்றாம்பெஞ்சு இதைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளட்டும்.

மூன்றாம்பெஞ்சு:
அவதானி தப்பாகச் சொன்னால் சபை சிரிக்கும், அவர் தலைகுனிவார். நீங்கள் எப்போது குனிவீர்கள்? 1900 பிப்ரவரி 29.

பத்திரமேசை:
இதற்குப் பயன் இல்லை என்று யார் சொன்னது? நான் பத்திரம் எழுதுகிறவன். சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் பழைய கிரயப் பத்திரத்தின் நகல் ஒன்றைக் கொண்டுவந்தார். எங்கள் அலுவலகத்துப் பெரியவர் பதிவுத் தேதியைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார், “அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை தம்பி, ஞாயிற்றுக்கிழமை யார் பதிந்து கொடுத்தது?” என்றார். வந்தவர் குடையைக்கூட எடுக்காமல் போய்விட்டார். குடை இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது.

கிழமைக்காரர்:
நீங்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள், ஆனால் என்னைக் குமாஸ்தா வேலைக்கு இழுக்கிறீர்கள். நான் கிழமை சொல்வது போலிப் பத்திரம் பிடிக்க அல்ல.

பத்திரமேசை:
குமாஸ்தா என்றால் இளப்பமா? எங்கள் பெரியவர் இல்லாத தேதிக்கு ஒருநாளும் கிழமை சொன்னதில்லை.

கிழமைக்காரர்:
நீங்களுமா? சரி. இதற்கெல்லாம் வேர் எங்கே என்று எனக்குத் தெரியும். தை மாதம் வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதமா என்று பேச்சு வந்தபோது நான் திருக்கணிதத்தின் பக்கம் நின்றேன். அன்றிலிருந்து மூன்றாம்பெஞ்சுக்கு என் மேல் காய்ச்சல்.

மூன்றாம்பெஞ்சு:
அதில் உங்களுக்குப் பதில் சொல்ல முடியாமல் போனதை நானாகக் கிளறவில்லை. நீங்களே கிளறுகிறீர்கள்.

கோட்டாறுவாசி:
பயன் என்றால் என்ன என்று கேட்டேன். ஒருவரும் பதில் சொல்லவில்லை.

நாணயப்பை:
தண்டவாளம் தம்பிக்கு. இப்போதுதான் கல்லாவிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு பத்து நாணயம் எடுத்துப் பார்த்தேன். எட்டு சரி.

தண்டவாளம்:
யார் சரிபார்த்தது?

நாணயப்பை:
நான்தான். வேறு யார் இருக்கிறார்கள் கடையில் இந்த நேரத்தில்?

தண்டவாளம்:
சரிதான்.

மூன்றாம்பெஞ்சு:
கிழமைக்காரருக்குக் கடைசியாக ஒன்று. 1800 பிப்ரவரி 29 என்ன கிழமை? மூன்று விநாடி.

கற்பூரவல்லி:
ஐந்து நிமிடம் ஆகிவிட்டது.

கிழமைக்காரர்:
1800 மார்ச் 1 சனிக்கிழமை. அதற்கு முந்தைய நாள் வெள்ளி. அந்த வெள்ளிக்கு என்ன எண் போட்டுக்கொள்வது என்பது உங்கள் விருப்பம்.

மூன்றாம்பெஞ்சு:
28 என்று போட்டுக்கொள்கிறேன். 1900க்கும் அப்படியே போட்டுக்கொள்ளட்டுமா?

கிழமைக்காரர்:
அதற்கு ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டேன். மேலே போய்ப் படியுங்கள். வாக்கியக்காரர்களுக்கு எதையும் இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கிறது.

தாள்கட்டு:
நான் வாக்கியத்தின் பக்கம்தான். அதில் உங்களுக்கு என்ன குறை என்று சொல்லுங்கள், பார்க்கலாம்.