டைட்டானிக்குக்கு அப்பால்: பயணிகள் கப்பல் வரலாற்றில் அறிய வேண்டியவர்கள் யார்?

கரைவாசி (கேள்வி)

வணக்கம். பெருங்கடல் கடந்த பயணிகள் கப்பல்களைப் பற்றிச் சில மாதங்களாகப் படித்து வருகிறேன். எந்தப் புத்தகத்தைப் பிரித்தாலும் டைட்டானிக்கின் கேப்டன் ஸ்மித்தே முன்னால் வந்து நிற்கிறார். 1840இல் பிரிட்டானியா கப்பலைக் கொண்டு அட்லாண்டிக்கில் தவணை தவறாத அஞ்சல் சேவையைத் தொடங்கிய சாமுவேல் கியூனார்டையும், கிரேட் ஈஸ்டர்ன் என்னும் பேருருவைக் கட்டிய புருனெலையும் ஓரளவு அறிவேன். அவர்களுக்குப் பின் வந்தவர்களில் யாரைப் படிக்கலாம்? குறிப்பாக, ஊர் போய்ச் சேருவதற்கென்று இருந்த கப்பலை ஊர் சுற்றிப் பார்ப்பதற்கானதாக மாற்றியவர் யார்?

நங்கூரம்

உங்கள் கடைசிக் கேள்விக்கு நான் சொல்லும் பெயர் ஆல்பர்ட் பாலின். ஹாம்பர்க்கில் 1857இல் பிறந்த யூதர். புலம்பெயர்வோருக்குக் கப்பல் பயணம் ஏற்பாடு செய்யும் தந்தையின் முகவர் தொழிலில் வளர்ந்தவர். 1899இல் ஹாம்பர்க்–அமெரிக்கா நிறுவனத்தின் தலைமை இயக்குநரானார். குளிர்காலத்தில் வட அட்லாண்டிக்கைக் கடக்கப் பயணிகள் தயங்குவார்கள். பெரும் பணம் போட்டுக் கட்டிய கப்பல்கள் துறைமுகத்தில் சும்மா கிடக்கும். பாலின் 1891 ஜனவரியில் ஆகஸ்டா விக்டோரியா கப்பலை 241 பயணிகளுடன் மத்தியதரைக் கடலுக்கு அனுப்பினார். நிறுவனத்துக்குள்ளேயே பலர் நம்பிக்கையில்லாமல் பார்த்த அந்தப் பயணம் வெற்றி பெற்றது. 1900இல் இதற்கென்றே கட்டப்பட்ட பிரின்செசின் விக்டோரியா லூயிஸ் கடலில் இறங்கியது. அதே மனிதர்தான், அமெரிக்கா செல்லும் ஏழைகள் கப்பல் வரும்வரை தங்குவதற்கென 1901இல் ஹாம்பர்க்கின் வெட்டல் பகுதியில் கூடங்களைத் திறந்தார். அவருடைய உலகம் முதல் உலகப் போரில் சிதைந்தது. 1918 நவம்பர் 9 அன்று, ஜெர்மன் பேரரசர் முடிதுறந்த செய்தி வெளியான அதே நாளில், அவர் இறந்தார்.

சுக்கான்

நங்கூரம் சொன்னதில் ஒரு சிறு திருத்தம் தேவை. பி அண்டு ஓ நிறுவனம் 1844லேயே சவுத்தாம்ப்டனிலிருந்து மத்தியதரைக் கடல் சுற்றுப்பயணங்களை விளம்பரம் செய்தது. ஆனால் அங்கே பயணிகள் வழக்கமான வழித்தடக் கப்பல்களில் மாறி மாறி ஏறினார்கள். ஒரே கப்பலையே வீடாகக் கொண்டு சுற்றி வந்து புறப்பட்ட இடத்துக்குத் திரும்பும் முறையை நிலைநிறுத்தியவர் பாலின் என்பதில் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

வரைபலகை

கப்பல் வடிவமைப்பாளர் இருவரைச் சேர்த்துப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒருவர் கதை மற்றவரின் கதைக்குள் போய் முடிகிறது.

முதலாமவர் விளாதிமிர் யுர்கேவிச். ரஷ்யப் பேரரசின் போர்க்கப்பல்களை வடிவமைத்தவர், புரட்சிக்குப் பின் அகதியாகப் பிரான்சுக்கு வந்து, பாரிஸில் கார்த் தொழிற்சாலையிலும் வேலை பார்த்தார். 1935இல் முதல் பயணம் சென்ற நார்மண்டி என்ற பிரெஞ்சுப் பயணிகள் கப்பலின் உடலமைப்பு அவருடையது. நீரைக் கிழித்துக்கொண்டு போகாமல் வழுக்கிக்கொண்டு போகும்படி அமைந்த அந்த முன்பகுதியை, என் கண்ணுக்கு, இன்றுவரை எந்தக் கப்பலும் அழகில் மிஞ்சவில்லை. 1942 பிப்ரவரி 9 அன்று, நியூயார்க்கில் படைவீரர்களை ஏற்றிச் செல்வதற்காக அதை மாற்றியமைத்துக்கொண்டிருந்தபோது, உலோகம் வெட்டும் கருவியிலிருந்து தெறித்த பொறி உயிர்காப்பு அங்கிகளின் குவியலில் பற்றிக்கொண்டது. தீயை அணைக்கக் கொட்டிய தண்ணீர் மேல்தளங்களில் தேங்கிக் கப்பலைச் சாய்த்தது. யுர்கேவிச் துறைமுகத்துக்கு ஓடி வந்தார். அடிப்பகுதி வால்வுகளைத் திறந்துவிட்டால் கப்பல் ஆழமில்லாத அந்த இடத்தில் நேராகத் தரைதட்டி அமர்ந்துவிடும், கவிழாது என்பது அவர் யோசனை. அது ஏற்கப்படவில்லை. மறுநாள் விடிவதற்குள் நார்மண்டி பக்கவாட்டில் கவிழ்ந்து கிடந்தது. தன் கப்பலைக் காப்பாற்றும் வழி தெரிந்தும் அவர் கரையில் நிற்க நேர்ந்ததை என்னால் வருத்தமில்லாமல் எழுத முடியவில்லை.

இரண்டாமவர் வில்லியம் பிரான்சிஸ் கிப்ஸ். சட்டம் படித்துவிட்டுக் கப்பல் கட்ட வந்த அமெரிக்கர். தீயை அவர் எந்த அளவு அஞ்சினார் என்றால், தாம் வடிவமைத்த யுனைடெட் ஸ்டேட்ஸ் கப்பலில் பியானோவும் சமையலறையின் இறைச்சி வெட்டும் கட்டையும் தவிர ஏறக்குறைய மரமே இல்லாதபடி பார்த்துக்கொண்டார். எடையைக் குறைக்க மேற்கட்டுமானம் அலுமினியத்தால் ஆனது. அதன் புரொப்பல்லர்களை உருவாக்கியதில் எலைன் கப்லன் என்ற பெண் பொறியாளருக்குப் பெரும் பங்கு உண்டு. 1952 ஜூலையில் முதல் பயணத்திலேயே அது அட்லாண்டிக்கை 3 நாள் 10 மணி 40 நிமிடத்தில் கடந்து, குயின் மேரி என்ற பிரிட்டிஷ் கப்பலின் சாதனையை ஏறத்தாழ 10 மணி நேர வித்தியாசத்தில் முறியடித்தது.

அலைமகள்

முதலாளிகளையும் பொறியாளர்களையும் மட்டும் படித்தால் கப்பலின் பாதியைத்தான் பார்த்திருப்பீர்கள். பணிப்பெண் வயலட் ஜெசப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1911இல் ஒலிம்பிக் கப்பல் ஹாக் என்ற போர்க்கப்பலுடன் மோதியபோதும், 1912இல் டைட்டானிக் மூழ்கியபோதும், மருத்துவமனைக் கப்பலாக இயங்கிய பிரிட்டானிக் 1916 நவம்பர் 21 அன்று ஈஜியன் கடலில் 55 நிமிடத்தில் மூழ்கியபோதும் அவர் அவற்றில் இருந்தார். டைட்டானிக்கிலிருந்து தப்பியபின் பல் துலக்கும் பிரஷ் இல்லாமல் தவித்ததை அவர் மறக்கவில்லை. பிரிட்டானிக்கைவிட்டு வெளியேறும்போது முதலில் அதைத்தான் எடுத்துக்கொண்டார். அன்று, சுழன்றுகொண்டிருந்த புரொப்பல்லர் உயிர்காப்புப் படகுகளை இழுக்க, அவர் தண்ணீரில் குதித்தார். கப்பலின் அடிப்பகுதியில் தலை மோதியது. மண்டையோட்டில் விரிசல் விழுந்திருந்தது பல ஆண்டுகள் கழித்தே தெரியவந்தது. அதன்பிறகும் அவர் கடல் வேலையை விடவில்லை.

கரைவாசி

அனைவருக்கும் மிக்க நன்றி. முதலில் யுர்கேவிச், பிறகு ஜெசப் என்று முடிவு செய்திருக்கிறேன். வரைபலகை அவர்களிடம் ஒரு கேள்வி: கிப்ஸ் தம் கப்பலோடு தொடர்ந்து உறவு வைத்திருந்தாரா?

வரைபலகை

வைத்திருந்தார். கப்பல் நடுக்கடலில் இருக்கும்போதும் தொலைபேசியில் அழைத்து அதன் இயக்கத்தை விசாரிப்பார். அது நியூயார்க்குக்குத் திரும்பும் நாள்களில் விடியற்காலையிலேயே காரில் புரூக்ளின் கரைக்குப் போய், அது கண்ணில் படும்வரை காத்திருப்பார். 1967இல் அவர் இறந்தார். இரண்டு ஆண்டுகளில் கப்பலும் சேவையிலிருந்து விலக்கப்பட்டது.