தியானத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள், உங்களுக்கு என்ன நடந்தது?

வேளச்சேரிவாசி:

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்கள் எழுதுங்கள். 48 வீடுகள் இருக்கிற அடுக்குமாடிக் குடியிருப்பில் நான் அசோசியேஷன் செக்ரட்டரி. கோடை வந்தால் எங்கள் போர் வற்றிவிடும், லாரித் தண்ணீர்தான், லாரி அரை மணி தாமதமானால் 48 வீட்டுக் கோபமும் என் போனுக்குத்தான் வரும். அதையாவது போனை அணைத்துவிட்டுத் தப்பிக்கலாம். வீட்டில் அம்மாவுக்கு மறதி நோய். அப்பா போய் ஒன்பது வருஷம் ஆகிறது, "அப்பா ஆபீஸ்லேர்ந்து வந்தாச்சா?" என்று ஒரு நாளைக்கு இருபது தடவை கேட்பாள். ஒரு நாள் லாரிக்காரரிடம் சண்டை போட்டுவிட்டு வந்த சூட்டில், "அவர் செத்துப் போயாச்சும்மா" என்று கத்திவிட்டேன். அந்தச் செய்தியை அப்போதுதான் முதல் தடவை கேட்கிறவள் மாதிரி அழுதாள். மறுநாள் அவளுக்கு அதுவும் மறந்துவிட்டது, எனக்குத்தான் மறக்கவில்லை.

தம்பி லீவு போட்டு வந்து அம்மாவைப் பார்த்துக்கொள்ள, நான் திருமுடிவாக்கத்தில் இருக்கிற தம்ம சேது விபாசனா தியான மையத்துக்குப் போனேன். பர்மாவில் பிறந்து வளர்ந்த கோயங்கா 1969-ல் இந்தியாவுக்கு வந்து கற்றுக்கொடுக்க ஆரம்பித்த முறை. பத்து நாள் வகுப்பு என்பார்கள், போகிற நாள் வருகிற நாள் சேர்த்தால் பன்னிரண்டு. காசு வாங்குவதில்லை, ஒரு வகுப்பை முடித்தவர்கள் கொடுக்கிற நன்கொடையில்தான் நடக்கிறது. போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள், பக்கத்தில் இருப்பவரோடு பேச்சு கிடையாது, சைகைகூடக் கூடாது. விடிகாலை 4 மணிக்கு மணி அடிப்பார்கள், ஆறரைக்குக் காலை டிபன், 11 மணிக்குச் சாப்பாடு, சாயந்திரம் 5 மணிக்குப் புதியவர்களுக்கு டீயும் பழமும், அவ்வளவுதான்.

முதல் மூன்று நாள் மூக்கு நுனியில் மூச்சு வருவதையும் போவதையும் கவனிக்கிறதுதான் வேலை, அதற்கு ஆனாபானா என்று பெயர். நான் கவனித்தது மூச்சை அல்ல, சம்ப் மோட்டாரை. நாலாம் நாள் உடம்பில் தோன்றுகிற உணர்ச்சிகளைத் தலையிலிருந்து கால்வரை பார்க்கச் சொல்கிறார்கள், அதோடு ஒரு நாளைக்கு மூன்று முறை, ஒரு மணி நேரம் கையையும் காலையும் அசைக்காமல், கண்ணைத் திறக்காமல் உட்காரும் அதிட்டானம். எனக்கு வலது முட்டி எரிந்தது. ஆறாம் நாளோ ஏழாம் நாளோ ஒன்று பிடிபட்டது. முட்டி வலிப்பது கொஞ்சம்தான், "இன்னும் எத்தனை நிமிஷம் இருக்கு, எவன் இதுக்கு வரச்சொன்னது" என்று உள்ளே ஒருத்தன் புலம்புகிறானே, அதுதான் தாங்கமுடியாததாக இருந்தது. சம்யுத்த நிகாயம் என்கிற பழைய பௌத்த நூலில் புத்தர் இதையே இரண்டு அம்பு என்கிறார். முதல் அம்பு படும் வலி எல்லோருக்கும் உண்டு, அதை நினைத்து மாய்ந்துபோகிறவனுக்கு இரண்டாவது அம்பும் தைக்கிறது. எங்கேயோ படித்து மண்டையாட்டிய விஷயம்தான், முட்டி சொன்னபோதுதான் புரிந்தது.

வீட்டுக்கு வந்த அன்றைக்கே அம்மா கேட்டாள். நெஞ்சில் குப்பென்று சூடு ஏறுவது தெரிந்தது, முட்டியில் பார்த்த அதே சங்கதி. "இன்னும் வரலம்மா" என்றேன், குரல் ஏறவில்லை. பெரிய அதிசயமெல்லாம் இல்லை, லாரிக்காரரிடம் இன்னும் கத்துகிறேன். காலையும் மாலையும் ஒவ்வொரு மணி நேரம் உட்காரச் சொன்னார்கள், நான் உட்காருவது அரை மணி, அதுவும் மோட்டார் ஓடுகிற நாட்களில்.

பெரம்பூர்ப் பையன்:

அண்ணே, நல்லா எழுதியிருக்கீங்க. ஆனால் எல்லோரும் புத்தர் ஏதோ ஆப் வழியாக மெட்ராஸுக்கு வந்த மாதிரிப் பேசும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருக்கும். அயோத்திதாசப் பண்டிதர் கொழும்புக்குப் போய்த் தீட்சை வாங்கிவந்து இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் ஆரம்பித்தது 1898-ல். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பௌத்தம்தான். வைகாசிப் பௌர்ணமிக்கு எழும்பூர் கென்னட் லேன் மகாபோதி சங்கத்துக்குத் தாத்தா கூட்டிக்கொண்டு போவார், எனக்கு அங்கே பிடித்தது எதிரில் இருந்த ரயில்வே ஸ்டேஷன்தான்.

கண்ணை மூடி உட்காருவதைத் தாத்தா கடைசியாகத்தான் சொல்லிக்கொடுத்தார். முதலில் பஞ்சசீலம், கொல்லாதே, திருடாதே, பொய் சொல்லாதே என்கிற மாதிரி ஐந்து ஒழுக்கங்கள். அது இல்லாமல் உட்கார்ந்தால் பொய் சொன்ன நாளில் மூச்சைவிடப் பொய்தான் அதிகம் வந்து போகும் என்பார். பட்டறையில் நைட் ஷிப்ட் பார்க்கிறவன் நான், சூப்பர்வைசர் திட்டினால் பதில் சொல்வதற்குமுன் மூன்று மூச்சு விடுவேன். அதில் இரண்டு கெட்ட வார்த்தையாவது செத்துவிடும். அதனால் கேட்கிறேன், தப்பா எடுத்துக்காதீங்க: "இன்னும் வரலம்மா" என்பது பொய்தானே? பொய் சொல்லாதே என்கிற நாலாவது சீலம் இடிக்கவில்லையா?

ஓடிவந்தவள்:

நான் மூன்றாம் நாளே திரும்பி வந்தவள் என்பதால் இதையும் பதிவு செய்துவிடுகிறேன். விண்ணப்பத்தில் மனநல சிகிச்சை எடுக்கிறீர்களா என்று தெளிவாகவே கேட்டிருந்தார்கள், பதட்டத்துக்கு மாத்திரை சாப்பிடுவதை மறைத்துவிட்டேன், எங்கே இடம் தரமாட்டார்களோ என்று. இரண்டாம் நாள் ராத்திரி நெஞ்சு படபடத்து, உடம்பெல்லாம் வியர்த்து, செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். வந்ததும் டாக்டர் திட்டிய திட்டு தனிக்கதை. நல்ல மனநிலையில் இருப்பவர்களுக்கு அந்த மௌனம் இதமாக இருக்கலாம், எனக்கு அது ஜன்னல் இல்லாத அறை மாதிரி இருந்தது.

இப்போது திருவான்மியூர் கடற்கரையில் காலையில் இருபது நிமிஷம் நடக்கிறேன், கண்ணைத் திறந்துகொண்டு, பாதம் மணலில் அழுந்துவதையும் எழும்புவதையும் மட்டும் கவனித்து. நடந்தபடி தியானம் செய்வதும் பௌத்தத்தில் உள்ளதுதான். நாய் குரைத்தால் கவனம் நாய்க்குப் போகும், சரி, மறுபடி பாதத்துக்கு வருவேன். மாத்திரையும் நிறுத்தவில்லை.

வேளச்சேரிவாசி:

தம்பி, தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, அந்தக் கேள்வி எனக்கும் இருந்தது. உண்மையைச் சொன்னால் அவளைத் தினமும் புதிதாக விதவையாக்குகிறேன், பொய் சொன்னால் எனக்கு உறுத்துகிறது. இப்போது இரண்டும் சொல்வதில்லை. அந்தச் சூடு ஏறி இறங்குவதற்கு ஒரு நிமிஷம் கொடுத்தால் வேறொரு பதில் கிடைக்கிறது. "அப்பாவுக்கு என்ன கொழம்புமா பிடிக்கும்?" என்று கேட்கிறேன். சுண்டைக்காய் வத்தக்குழம்பு, நல்லெண்ணெய் மிதக்கணும், அப்பளம் சுட்டதுதான் வேணும், பொரிச்சா தொடமாட்டார் என்று ஆரம்பித்து அரை மணி நேரம் பேசுகிறாள். கேட்ட கேள்வி அதற்குள் மறந்துவிடுகிறது. அப்பா அப்பளத்தைச் சுட்டுத்தான் சாப்பிடுவார் என்பது ஐம்பது வயதில்தான் எனக்குத் தெரிந்தது.