மனைவியின் ஊரில் வீடு கட்டிக் குடியேறலாமா? (ஜாவா, மெராபி மலைச் சரிவு)

பாத்தாம் வெல்டர் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி பக்கம். ஒன்பது வருஷமாக இந்தோனேசியாவில் பாத்தாம் தீவில் கப்பல் பட்டறை வேலை. கல்யாணமாகி நாலு வருஷம் ஆகிறது. மனைவி ஜாவாக்காரி, மகனுக்கு இரண்டு வயது. மாமனார் ஊர் மத்திய ஜாவாவில் மாகெலாங் மாவட்டம், ஸ்ரும்புங் வட்டாரம். ஊரைச் சுற்றி எங்கு பார்த்தாலும் சலாக் தோட்டம் (பாம்புச் சட்டை மாதிரி தோல் உள்ள பழம்).

தோட்டத்தின் ஒரு மூலையைக் காட்டி "இங்கே கட்டிக்கொள்ளுங்கள்" என்கிறார் மாமனார். ஊரில் என் அண்ணனோ "பொண்டாட்டி பேர்ல எல்லாத்தையும் போட்டுட்டு நடுத்தெருவுல நிக்கப் போற" என்கிறான். போன லெபாரானுக்கு (ரம்ஜான் பண்டிகை) போனபோது பார்த்தேன், பாதி வீட்டுக்கு வாசல் கேட்டே இல்லை. பைக்கில் சாவி அப்படியே தொங்குகிறது. ஆனால் சந்து முனையில் இரவுக் காவலுக்கு ஒரு குடிசை. திருட்டே இல்லையென்றால் காவல் எதற்கு? அப்புறம் தலைக்கு மேலே எரிமலை வேறு. அங்கே இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

சலாக் முள் எழுதியது:

தம்பி, நான் அதே சரிவில்தான் இருக்கிறேன். 2013ல் வந்தேன், மாமனார் வீட்டோடு மாப்பிள்ளையாக. முதலில் நிலத்தைப் பேசிவிடுவோம்.

உங்கள் அண்ணன் சொல்வதில் பாதி சரி. 1960ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி 'ஹக் மிலிக்' என்ற முழு உரிமை இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டும்தான். உங்கள் பேரில் வராது. யாராவது வந்து "என் பேரில் வாங்கிப் போடு, தனியா ஒரு ஒப்பந்தம் எழுதித் தரேன்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அந்த ஏற்பாடு சட்டப்படி செல்லாது, காசு போனது போனதுதான்.

அடுத்தது, கல்யாணத்தின்போது சொத்துப் பிரிப்பு ஒப்பந்தம் போட்டீர்களா? இங்கே 'பிசா ஹார்த்தா' என்பார்கள். போடவில்லையென்றால் கல்யாணத்துக்குப் பின் வாங்கும் எதுவும் இருவருக்கும் பொது. பொது என்றால் பாதி வெளிநாட்டுக்காரனுடையது, அப்போது உங்கள் மனைவி பேரிலேயே ஹக் மிலிக் சிக்கலாகிவிடும். முன்பெல்லாம் தாலி ஏறிவிட்டால் (அவர்களுக்கு நிக்காஹ்) இதை எழுத முடியாது. 2016 அக்டோபரில் அரசியல் சாசன நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு எப்போது வேண்டுமானாலும் நோட்டாரிஸிடம் எழுதிப் பதிவு செய்துகொள்ளலாம். மாமனார் மகளுக்கு மட்டும் தானமாகக் கொடுப்பது அவளுடைய தனிச் சொத்துதான். இருந்தாலும் வீடு கட்டப் போவது உங்கள் காசு, ஒப்பந்தத்தைப் போட்டுவிட்டுக் கல் இறக்குங்கள்.

இதைவிட முக்கியம், அந்த நிலத்துக்குச் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் வீட்டில் "இருக்கு இருக்கு" என்றார்கள். கடைசியில் இருந்தது கிராம அலுவலகத்தில் 'லெட்டர் சே' என்ற பழைய பேரேட்டில் ஒரு பதிவு, அதுவும் மனைவியின் தாத்தா பேரில். கூட்டுப்பட்டாவில் செத்துப்போன தாத்தா பேர் அப்படியே கிடக்குமே, அந்தக் கதைதான். அந்தப் பதிவும் வரி ரசீதும் யார் வரி கட்டுகிறார்கள் என்று காட்டும், உரிமையைக் காட்டாது. வாரிசுகள் ஆறு பேர். அதில் ஒரு பெரியம்மா இளவயதிலேயே அரசாங்கக் குடியேற்றத்தில் சுமத்ராவுக்கு, லம்புங்குக்குப் போனவர். ஒரு கையெழுத்துக்காக பஸ், கப்பல், மறுபடி பஸ் என்று மூங்கில் கூடையில் சலாக்கைக் கட்டிக்கொண்டு போனோம். கையெழுத்துப் போட அவருக்கு ஒரு நிமிஷம். அழுது முடிக்க மூன்று நாள். அம்மா செத்ததற்கு வர முடியாமல் போன அழுகை அது.

மகனை இந்தோனேசியக் குடிமகனாகவே வைத்திருங்கள். மனைவிக்கு முன்னே பின்னே ஏதாவது ஆனால் (ஆகக் கூடாது) உங்கள் பங்குக்கு வரும் நிலத்தை ஒரு வருஷத்துக்குள் கைமாற்றியாக வேண்டும். மகன் பேரில் போனால் வீடு வீட்டிலேயே நிற்கும்.

சரி, காவல் குடிசை. அதன் பெயர் 'போஸ் ரோண்டா'. ஒவ்வொரு வீட்டு ஆணுக்கும் வாரத்தில் ஒரு இரவு முறை. எனக்கு வியாழன். ஆறு பேர், கருப்புக் காப்பி, வேகவைத்த கடலை, டாமினோ. நடுவில் எழுந்து தெருவைச் சுற்றுவோம். வீட்டுச் சுவரில் ஆணியடித்து ஒரு சின்ன டப்பா தொங்கும், அதில் 500 ரூபியா நாணயம் போட்டு வைப்பார்கள். ஒரு காலத்தில் ஒரு பிடி அரிசி. இதுதான் 'ஜிம்பித்தான்'. சேர்ந்த காசு தெருவிளக்குக்கும் பாய்க்கும் போகும். வந்த புதிதில் இந்தச் சில்லறைக்கா இவ்வளவு கூத்து என்று நினைத்தேன். ஒரு வியாழன் தனியாக இருக்கும் ஒரு பாட்டி வீட்டு டப்பா காலி. நேற்றும் காலி என்றான் புதன்கிழமைக்காரன். கதவைத் தட்டினோம், பதில் இல்லை. பின்பக்கமாகப் போய்ப் பார்த்தால் குளியலறையில் வழுக்கி விழுந்து கிடக்கிறார், இடுப்பெலும்பு போய்விட்டது. ஆள் பிழைத்தார். அன்றிலிருந்து அந்த நாணயத்தை நான் பணமாக எண்ணுவதில்லை.

திருட்டு இல்லாமல் இல்லை. கோழி போகும், விலை ஏறினால் சலாக் குலை போகும், பைக்கும் போயிருக்கிறது. சாவியை எடுத்துவிடுங்கள்! குடிசையில் பலாமரத்தில் குடைந்த கெந்தோங்கன் (தட்டி ஒலி எழுப்பும் மரக்கட்டை) தொங்குகிறதே, அதை நிறுத்தாமல் படபடவென்று அடித்தால் 'தித்திர்', ஆபத்து என்று அர்த்தம். ஒருமுறை பைக் திருட வந்த பையன் ஒருவன் மாட்டினான். எனக்குத் திருடனைவிட ஓடிவந்த கூட்டத்தைப் பார்த்துத்தான் பயம். எங்கள் எர்-தே (நாற்பது ஐம்பது வீட்டுக்கு ஒரு தலைவர்) அவனைத் தன் வீட்டுக்குள் இழுத்துக் கதவைச் சாத்தி, போலீஸ் வரும்வரை வாசலில் உட்கார்ந்திருந்தார். இல்லையென்றால் அடித்தே கொன்றிருப்பார்கள்.

நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். வந்ததும் நம்மூர் வழக்கத்தில் சுற்றிக் காம்பவுண்டு எழுப்பினேன். ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒருநாள் எர்-தே வந்தார். ஒரு மணி நேரம் மழை, உரம், பேரன் படிப்பு. எழுந்து போகும்போது "வயசானவங்களுக்கு இப்பல்லாம் பள்ளிவாசல் கொஞ்சம் தூரமாயிடுச்சு" என்றார். நானும் பாவம் என்று தலையாட்டினேன். இரண்டு வாரம் கழித்துத்தான் மண்டையில் ஏறியது: குறுக்கு வழி என் வாசல் வழியாகத்தான் போயிருக்கிறது. மறுநாளே ஒரு பக்கம் இடித்து வழி விட்டேன்.

யோக்யா மருமகள் எழுதியது:

அண்ணா, நான் ஈப்போ பெண், கணவர் யோக்யா (யோக்யகர்த்தா) பகுதியில் சிலேமான் பக்கம். மலாய் தெரியும் என்ற திமிரில் வந்தேன். இங்கே கிழவிகள் பேசுவது ஜாவானீஸ், ஒரு சொல் விளங்கவில்லை.

செலவைப் பற்றி யாரும் சொல்லமாட்டார்கள், நான் சொல்கிறேன். வீட்டுச் செலவு குறைவு, மொய்ச் செலவு அதிகம். 'நியும்பாங்' என்பார்கள். கல்யாண மாதத்தில் வாரத்துக்கு மூன்று நாலு உறை. நோட்டுப் போட்டுக் கணக்கு வைப்பார்கள், நம்ம மொய் நோட்டு தோற்றது. பெண்கள் காசோடு தப்ப முடியாது, விசேஷ வீட்டில் போய் வெங்காயம் உரிக்க வேண்டும். இதற்கு 'ரெவாங்' என்று பேர். முதல் வருஷம் வேலை இருக்கிறது என்று இரண்டு வீட்டுக்குப் போகவில்லை. என் பிள்ளைக்குப் பெயர் வைத்தபோது அந்த இரண்டு வீட்டிலிருந்தும் ஆள் வந்தது, சீக்கிரமே கிளம்பிப் போனார்கள். போதாதா? சாவு என்றால் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொல்வார்கள், குழம்பு அடுப்பில் இருந்தாலும் இறக்கிவிட்டு ஓடுங்கள்.

பாத்தாம் வெல்டர்:

நன்றி அண்ணே, அக்கா. மலையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே?

சலாக் முள்:

மறந்துவிட்டேன், தினமும் பார்ப்பதால். 2010ல் வெடித்தபோது 350 பேருக்கு மேல் இறந்தார்கள். அப்போது நான் இல்லை. சாம்பல் பாரத்தில் சலாக் மட்டை எல்லாம் முறிந்து விழுந்ததை மாமனார் இன்னும் சொல்வார். சாம்பலோடு முடியவில்லை. 2011 ஜனவரியில் மழை பெய்து, மலைமேல் கிடந்த மணலும் பாறையும் காலி புத்தே ஆற்றில் இறங்கி, மாகெலாங்–யோக்யா பெரிய ரோட்டையே மூடிவிட்டது. அதனால் மனையை மாமனார் காட்டும்போது மலையைப் பார்க்காதீர்கள், ஆறு எவ்வளவு தூரம் என்று பாருங்கள். கிராம அலுவலகத்தில் அபாயப் பகுதி வரைபடம் இருக்கும், உங்கள் மனை கே-எர்-பே (அபாய மண்டலம்) எத்தனை என்று கேளுங்கள். மேலே உள்ள ஊர்களுக்குக் கீழே ஒரு 'சகோதர கிராமம்' ஒதுக்கியிருக்கிறார்கள், ஓட வேண்டி வந்தால் எந்த ஊருக்கு என்பது முன்பே தெரியும். உங்கள் ஊருக்கு உண்டா என்றும் கேளுங்கள்.

2020 நவம்பரிலிருந்து எச்சரிக்கை மூன்றாம் நிலையில் இருந்தது. 2023 மார்ச் 11 மதியம் எங்கள் வாசல் சாம்பல் பூத்துவிட்டது. கொடியில் துணி, வெயிலில் பப்படம், எல்லாம் போச்சு. பைக்கில் எப்போதும் டேங்க் பாதியாவது பெட்ரோல் நிறைத்து வையுங்கள். நிலப் பத்திரத்தையும் குடும்ப அட்டையையும் ஒரே பையில் போட்டுக் கதவுக்குப் பின்னால் மாட்டுங்கள். எங்கள் வீட்டில் அந்தப் பை ஆணியை விட்டு இறங்கியதே இல்லை, லம்புங் போனபோது தவிர.

பாத்தாம் வெல்டர்:

மனைவியிடம் கேட்டேன். நிலம் இன்னும் தாத்தா பேரில்தான் இருக்கிறதாம். வாரிசு ஒன்பது பேர், ஒருத்தர் காலிமந்தானில் (போர்னியோ தீவு). கூடை எங்கே வாங்கினீர்கள் அண்ணே?