சொன்னது வெளியே போகாது என்று எதை வைத்து நம்புவார்கள்? மலையகத்து உளவளத்துணை அனுபவங்கள்

கொழுந்துமலை:

தோட்டப்புறங்களில் உளவளத்துணை, அதாவது கவுன்சிலிங், வேலை செய்பவர்களும் அதைத் தேடிப் போனவர்களும் இங்கே எழுதலாம். ஆள் பெயர், தோட்டத்துப் பெயர், டிவிஷன் பெயர் எதுவும் வேண்டாம். அடையாளம் தெரியாதபடி மாற்றி எழுதுங்கள். நானும் அப்படித்தான் எழுதுகிறேன்.

இரகசியம் காப்பது பற்றி டிப்ளோமா வகுப்பில் படிக்கும்போது, கதவு சாத்தக்கூடிய ஓர் அறையும் இரண்டு கதிரையும் ஏற்கெனவே இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் சொல்லித் தருவார்கள். ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கம் வந்தால் முதலில் அந்த அறையைத் தேட வேண்டும். லயம் என்பது வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகள். அதில் காம்பராவுக்கும் காம்பராவுக்கும் (அறைக்கும் அறைக்கும்) நடுவிலுள்ள சுவர் பல இடங்களில் கூரை வரை போவதே இல்லை. இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும்.

எனக்கு முதலில் கிடைத்த இடம் பிள்ளைமடுவம், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம். பிள்ளைகளைக் கூட்டிப்போன பிறகு, மாலையில் அங்கே உட்காருவோம். கொழுந்து நிறுத்துவிட்டுப் போகிறவர்கள் எல்லாரும் அந்த வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். யார் உள்ளே போனது என்பது மறுநாள் பெரட்டில், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்தில், எல்லாருக்கும் தெரிந்துவிடும். "அவளுக்கு மனசு சரியில்லையாம்" என்று ஒரு பேச்சு போதும், கல்யாணப் பேச்சு நின்றுபோகும். இப்படி இருக்கும்போது "நீங்க சொல்றது வெளியே போகாது" என்று நான் சொன்னால் யார் நம்புவார்கள்? சொன்னது போகாது, சரி. வந்தது போய்விட்டதே.

அப்புறம் மிட்வைஃப் மிஸ்ஸோடு பேசி, அவருடைய கிளினிக் நாளிலேயே பின்னறையில் உட்காரத் தொடங்கினேன். பிள்ளை நிறுக்க வருகிறவர், பிரஷர் பார்க்க வருகிறவர், என்னிடம் வருகிறவர் எல்லாரும் ஒரே வாங்கில்தான் உட்காருவார்கள். யார் எதற்கு வந்தார் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், வெட்டுப்படாமலும் வந்து போகலாம். என் கொப்பியில் பெயர் இல்லை, இலக்கம் மட்டும். இலக்கத்துக்குரிய பெயர் வேறு இடத்தில், பூட்டுக்குள்.

பேசத் தொடங்குமுன் ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்வேன்: "நீங்க சொல்றது என்கிட்டயே இருக்கும். மூணு விஷயத்துல மட்டும் நான் வேற ஆளோட பேச வேண்டி வரும். உங்க உயிருக்கு ஆபத்துன்னா, இன்னொருத்தர் உயிருக்கு ஆபத்துன்னா, ஒரு பிள்ளையை யாராவது கொடுமைப்படுத்தினா. அப்பவும் உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்."

இதை முதலிலேயே சொன்னால் வாயை மூடிக்கொள்வார்கள் என்று நினைக்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். நான் கண்டது வேறு. ஓர் அம்மா இதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு, "சாகப் பார்த்தேன்னு சொன்னா பொலிசுக்கு எழுதுவீங்களா மிஸ்?" என்று கேட்டார். முன்பு பூச்சிமருந்து குடித்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் தவறுதலாகக் குடித்ததாகச் சொல்லித் தப்பித்திருக்கிறார். தற்கொலை முயற்சி குற்றம், கோர்ட்டுக்கு இழுப்பார்கள் என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருந்தார்கள். இலங்கையில் அந்தச் சட்டப்பிரிவை 1998 இலேயே எடுத்துவிட்டார்கள். லயத்தில் அந்தப் பயம் மட்டும் இன்னும் போகவில்லை. "இப்ப அது குற்றமில்லம்மா" என்றதும்தான் முழுக்கதையும் வந்தது. மரக்கறிப் பாத்திக்கு அடிக்கிற மருந்துப் போத்தல் அடுப்படியிலேயே இருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. அவருடைய சம்மதத்தோடு அவர் அக்கா அதை எடுத்துப்போனார். 1995 அளவில் இந்த நாட்டில் ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர் என்ற அளவுக்குத் தற்கொலை ஏறியிருந்தது. பிறகு அது இறங்கியதற்கு, கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்தது பெரிய காரணம். ஆகவே போத்தல் எங்கே இருக்கிறது என்று கேட்பது எனக்கு அந்த நாளின் முக்கியமான கேள்வி.

உங்கள் அனுபவங்களை எழுதுங்கள்.

டிஎஸ்ஆபிஸ்:

பிரதேச செயலகத்தில் உளவளத்துணை வேலையில் இருக்கிறேன். அக்கா சொன்ன இரண்டாவது விஷயத்தில் எனக்கு ஓர் அனுபவம் உண்டு.

கவ்வாத்து வெட்டுகிற, அதாவது தேயிலைச் செடியைக் கத்தரிக்கிற, ஒருவர் வந்தார். லயத்துக்கு முன்னாலுள்ள மரக்கறித் தோட்டம் யாருக்கு என்று மச்சானோடு நெடுநாள் தகராறு. குடித்திருக்கவில்லை, குரலும் உயரவில்லை. "இன்னைக்கு ராத்திரி அவன வெட்டிருவேன் சேர், கத்தி தீட்டி வச்சிட்டேன்" என்றார். கவ்வாத்துக் கத்தி எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

டாரசொஃப் வழக்கு பற்றி எல்லாரும் படித்திருப்போம். ஒரு பெண்ணைக் கொல்லப்போவதாக ஒருவர் சிகிச்சையாளரிடம் சொல்கிறார். சிகிச்சையாளர் பல்கலைக்கழகப் பொலிசுக்கு அறிவிக்கிறார், அந்தப் பெண்ணுக்கு யாரும் அறிவிக்கவில்லை, 1969 இல் அவள் கொல்லப்பட்டாள். ஆபத்திலிருப்பவரைக் காக்கிற கடமை சிகிச்சையாளருக்கு உண்டு என்று 1976 இல் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது நம் நாட்டுச் சட்டமல்ல. ஆனால் அன்று என் மேசைக்கு முன்னால் இருந்த கேள்வி அதேதான்.

அவரிடமே சொன்னேன்: "அண்ணே, இதைக் கேட்டுட்டு நான் சும்மா இருக்க முடியாது. முதல்லயே சொல்லியிருந்தேன். என்ன செய்யலாம்னு ரெண்டு பேருமே இருந்து யோசிப்போம். உங்களுக்குச் சம்மதமில்லன்னா பொலிசுக்குச் சொல்லத்தான் வேணும்." நெடுநேரம் பேசவில்லை. பிறகு அழுதார். அவராகவே பெரியண்ணனின் நம்பரைத் தந்தார். அண்ணன் போய்க் கத்தியை எடுத்துக்கொண்டு, அன்றிரவு தம்பியைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டார். மச்சானுக்கு அவர் முன்னாலேயே போன் செய்து, இரவு தாய் வீட்டுக்குப் போகச் சொன்னேன்.

மறுநாள் தோட்டத் தலைவர் வந்து என்ன நடந்தது என்று கேட்டார். நல்ல மனிதர், உதவத்தான் கேட்டார். நான் சொல்லவில்லை. ஆபத்தை நிறுத்தத் தேவையான ஆளுக்கு, தேவையான அளவு சொல்லியாயிற்று. ஒருமுறை வாய் திறந்தோம் என்பதற்காக எல்லாருக்கும் திறந்த கதவாகிவிடக் கூடாது.

பதுளைத்தாதி:

எங்கள் பக்கம் பெரிய சிக்கல் மொழி. மனநலக் கிளினிக்கில் டாக்டர் அன்பாகத்தான் கேட்பார், ஆனால் சிங்களத்தில். தோட்டத்து அம்மாவுக்குப் பதில் சொல்லத் தெரியாது. கூட வந்தவர் யாரோ அவர்தான் மொழிபெயர்ப்பாளர்.

ஒருநாள் ஒரு தாயோடு வந்தது அவருடைய பன்னிரண்டு வயது மகள். ஸ்கூல் யூனிபோமிலேயே வந்திருந்தாள். தாய் தலையைக் குனிந்துகொண்டு, "இதுக ரெண்டும் இல்லாட்டி நான் எப்பவோ போயிருப்பேன்" என்றார். மகள் கொஞ்சம் நின்றாள். பிறகு டாக்டரிடம், அம்மாவுக்கு நித்திரை வருவதில்லையாம் என்று மட்டும் சிங்களத்தில் சொன்னாள். டாக்டர் நித்திரைக்கு மருந்து எழுதப் போனார்.

நான் பக்கத்து மேசையில் இருந்ததால் காதில் விழுந்தது. டாக்டரிடம் சொல்லி நிறுத்தி, பிள்ளையை எங்கள் தாதி ஒருவரோடு கன்டீனுக்கு அனுப்பிவிட்டு, முதலிலிருந்து திரும்பக் கேட்டோம். அன்று அந்த அம்மாவை வார்டில் வைத்தார்கள்.

அந்தப் பிள்ளை மேல் தவறே இல்லை. தாய் சாக நினைப்பதைத் தாய்க்கு முன்னாலேயே தன் வாயால் சொல் என்று ஒரு சிறுமியிடம் நாம் கேட்கிறோம். தாய்க்கும் அப்படித்தான், மகள் முன்னால் எவ்வளவு சொல்ல முடியும்? 1987 இல் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியானது. கிளினிக்கில் மொழிபெயர்க்க ஆள் கேட்பது சலுகை கேட்பதல்ல.

இப்போது நான் உட்காரும்போது நோயாளியின் பக்கத்தில், கொஞ்சம் பின்னால் உட்காருவேன். அவர் என்னைப் பார்க்காமல் டாக்டரைப் பார்த்துப் பேச வேண்டும். "அவருக்கு வாழப் பிடிக்கலையாம்" என்று சொல்ல மாட்டேன், "எனக்கு வாழப் பிடிக்கல" என்று அவர் சொன்னபடியே சொல்வேன். கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. இதை நானும் வெளியே சொல்ல மாட்டேன் என்பதைத் தொடங்குமுன்பே சொல்லிவிடுவேன். பக்கத்து லயத்துக்காரர், அட்டென்டன், ஆம்புலன்ஸ் டிரைவர் யாரையும் இதற்குக் கூப்பிட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

பெயர்வேண்டாம்:

நான் உதவி தேடிப் போனவள். சவூதியிலிருந்து வந்த பிறகு இரவில் கத்திக்கொண்டு எழும்புவேன். டவுனில் ஒரு மிஸ்ஸிடம் போனேன். நன்றாகக் கேட்டார், எனக்குச் சுகமும் வந்தது. அதை மறைக்க மாட்டேன்.

பிறகு சொந்தக்காரர் சடங்கு வீட்டுக்கு அவரும் வந்திருந்தார். பந்தியில் என் நாத்தனார் பக்கத்தில் இருக்கும்போது வந்து, என் தோளில் கை வைத்து, "இப்ப தூக்கம் வருதா? அந்தக் கெட்ட கனவு நின்னுச்சா?" என்று கேட்டார். பாசமாகத்தான் கேட்டார். வீட்டுக்கு வந்ததும் மாமியார், "சவூதியில என்ன நடந்துச்சு, எங்ககிட்ட எதை மறைக்கிற?" என்று தொடங்கினார். அது இன்னும் ஓயவில்லை. நான் அந்த மிஸ்ஸிடம் திரும்பப் போகவே இல்லை.

எனக்கு இரண்டு கேள்வி. அவர் எழுதி வைத்திருப்பதை நான் கேட்கலாமா? வேறு ஒருவரிடம் போனால் இதே மாதிரி நடக்காது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கணக்குடீச்சர்:

பாடசாலையில் நான் கணக்குப் பாடமும் எடுக்கிறேன், வழிகாட்டல் ஆலோசனையும் என் பொறுப்பு. வகுப்பில் புள்ளி போடுகிற கையும் கண்ணீரைக் கேட்கிற காதும் ஒரே ஆளுக்கு என்பதே சரியான ஏற்பாடில்லை என்பது என் அபிப்பிராயம். அதிபர் ஒருமுறை வந்த பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலைக் கேட்டார். வீட்டுப் பிரச்சினை இத்தனை, படிப்பு இத்தனை, காதல் இத்தனை என்று எண்ணிக்கை மட்டும் கொடுத்தேன். கோபித்துக்கொண்டார், ஆனால் அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

துஷ்பிரயோகம் என்று தெரிந்தால் கதை வேறு, சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929க்கு அழைத்தே ஆகவேண்டும். ஆனால் அழைக்கப்போகிறேன் என்று பிள்ளையிடம் முதலில் சொல்லுங்கள். பிள்ளைக்குத் தெரியாமல் பொலிஸ் லயத்துக்கு வந்து நின்றால் அது வேறு எவரிடமும் வாய் திறக்காது.

ஊவாக்காரன்:

2014 ஒக்டோபர் 29 பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிந்த பிறகு, பாடசாலைகளில் தங்கியிருந்த சனத்துக்குச் சாப்பாடு கொடுக்கப் போன இளைஞர்களில் நானும் ஒருவன். அப்போது கவுன்சிலிங் என்று ஒரு குழு வந்தது. எந்தக் குழு என்பது வேண்டாம். பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து, அன்று காலை கண்டதை வரையச் சொன்னார்கள். ஒரு சின்னப் பையன் தாள் முழுக்கச் செங்கட்டி நிறத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். அவன் தாளைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லிப் போட்டோ எடுத்தார்கள். மாலையில் வேனில் ஏறிப் போய்விட்டார்கள். அன்றிரவு அந்தப் பையனைத் தூங்க வைக்க அவன் பாட்டி பட்ட பாட்டை நான் பார்த்தேன்.

உலக சுகாதார ஸ்தாபனம் உளவியல் முதலுதவிக் கையேட்டை 2011 இலேயே வெளியிட்டிருந்தது. நடந்ததைச் சொல்லச் சொல்லி நெருக்காதே, பக்கத்தில் இரு, என்ன தேவை என்று கேள், உறவோடு சேர்த்துவை. இவ்வளவும் அதில் இருக்கிறது. கிளறிவிட்டுப் போகிறவர்கள் அடுத்த வாரமும் வருவதாக இருந்தால் மட்டும் கிளறட்டும். அந்தப் பையனின் படம் யாருடைய அறிக்கையில் இருக்கிறதோ என்று இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வரும்.

கொழுந்துமலை:

எல்லாருக்கும் நன்றி. ஊவாக்காரன் தம்பி சொன்ன போட்டோ விஷயத்தில் என் நிலைப்பாடு: முகம் மறைத்தாலும் வேண்டாம். சட்டையைப் பார்த்தே லயத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

தோட்ட நிர்வாகம் கேட்பதையும் யாராவது எழுதுவார்கள் என்று பார்த்தேன். "அவர் குடிக்கிறாரா, வேலைக்குத் தகுதியா?" என்று ஆபிசிலிருந்து கேட்பார்கள். அறையும் மேசையும் அவர்கள் தந்தது என்பதால் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் மாதிரி நமக்குத் தோன்றும். நான் வேலை தொடங்குமுன்பே, தனி ஆள் பற்றி எதுவும் தரமாட்டேன் என்று கடிதம் கொடுத்துவிடுவேன். கேள்வி வந்த பிறகு மறுப்பதைவிட அது சுலபம்.

சொந்தம், பழக்கம் பற்றி. அமெரிக்க உளவியல் சங்கத்தின் விதிக்கோவையே எல்லா இரட்டை உறவும் (உதவி தேடி வருகிறவரோடு நமக்கு வேறு உறவும் இருப்பது) தவறு என்று சொல்லவில்லை. தீங்கு வரும், நடுநிலை கெடும் என்றிருந்தால் ஒதுங்கு என்கிறது. இங்கே அதுதான் நடைமுறைக்கு வரும். ஒரு கட்டு கீரை கொண்டுவந்தால் வாங்கிக்கொள்வேன், திருப்பிக் கொடுத்தால் அவமானமாகிவிடும். கடன் வாங்கவும் மாட்டேன், கொடுக்கவும் மாட்டேன். உடல் உறவு, காதல் பற்றி அந்தக் கோவை, சிகிச்சை முடிந்து குறைந்தது இரண்டு வருடம் என்கிறது. இந்த மலையில் அது எந்தக் காலத்திலும் கூடாது என்பேன். நம்மிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்ட ஒருவருக்கு, நமக்கு மறுப்புச் சொல்லும் தைரியம் இரண்டு வருடத்தில் வந்துவிடாது.

பெயர்வேண்டாம் தங்கச்சிக்கு. உங்களைப் பற்றி எழுதியிருப்பதை நீங்கள் கேட்கலாம். அந்த மிஸ்ஸிடமே எழுத்தில் கேளுங்கள், அவர் ஓர் அலுவலகத்தின் கீழ் வேலை செய்தால் அங்கேயும் ஒரு பிரதி கொடுங்கள். சடங்கு வீட்டில் நடந்ததையும் அதிலேயே எழுதலாம், அது முறைப்பாடாகவே எடுக்கப்பட வேண்டியது. புதிதாக ஒருவரிடம் போனால், உங்கள் கதையைத் தொடங்குமுன் நீங்கள் அவரைக் கேளுங்கள். வெளியில் கண்டால் என்னோடு பேசுவீங்களா? என் கொப்பியை வேற யார் பார்ப்பாங்க? எங்க வீட்டாள் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? முகம் சுளித்தால் எழும்பி வந்துவிடுங்கள். அதுவரை இரவில் தாங்க முடியாமல் போனால் 1926, தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், வீட்டுக்கு வெளியே நின்று பேசுங்கள்.